பூப்பாத்திகளுக்குச் சாணமும் கோழி எருவும்: பாதுகாப்பாக இடுவது எப்படி?

கேள்வி – பதிவிட்டவர்: செவ்வந்தித்தோட்டம் (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சிக்கு அருகே எங்கள் வீட்டின் பின்புறத்தில் மூன்று சென்ட் அளவில் பூச்செடிகள் வைத்திருக்கிறோம். ஒரு பாத்தியில் ரோஜா, இன்னொன்றில் மல்லிகை, வேலியோரம் செவ்வந்தியும் செம்பருத்தியும் இருக்கின்றன. ரோஜாப் பாத்தியின் ஓரத்தில் துளசியும் கற்பூரவல்லியும் சேர்ந்தே வளர்கின்றன. மண் செம்மண் கலந்த சரளை. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்கிவிடும். எரு சேர்க்காமல் இந்த மண்ணில் எதுவும் தழைக்காது என்று புரிந்துகொண்டேன்.

மாமனார் ஊரில் உள்ள மாட்டுக் கொட்டிலில் இருந்து ஒரு டிராக்டர் சாணம் வந்து இறங்கியிருக்கிறது. பாதி ஈரமாக, அள்ளி ஒரு வாரம்கூட ஆகாததாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையில் இருந்து நான்கு மூட்டை கோழி எரு வாங்கித் தந்திருக்கிறார். மூட்டையைப் பிரித்தாலே கண்ணில் நீர் வரும் அளவுக்கு நெடி அடிக்கிறது.

"பூச்செடிதானே, யாரும் சாப்பிடப் போவதில்லை, பச்சைச் சாணத்தையே கரைத்து ஊற்றலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை அந்த மண்ணில்தான் விளையாடுகிறாள். தோட்டத்தின் மூலையில் குடிப்பதற்குப் பயன்படும் கிணறும் இருக்கிறது. இந்த இரண்டு எருக்களையும் எத்தனை நாள் கழித்து, எந்த அளவில், எப்படி இட வேண்டும்? மல்லிகையின் இளந்தளிர் ஏற்கெனவே வெளிர்மஞ்சளாகத்தான் வருகிறது. அதற்குக் கோழி எரு உதவுமா? விவரமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 – கவாத்துக்கத்தி (தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

வணக்கம் அம்மா. உங்கள் தயக்கம் சரியானது. பூவை உண்ணுவதில்லை என்பது பாதிதான் உண்மை. பூவைப் பறிக்கும் கை, தொடுக்கும் விரல், தலையில் சூடும் கூந்தல், மண்ணில் அளையும் குழந்தை என்று பூப்பாத்தி மனித உடம்போடு நெருக்கமாகவே இருக்கிறது. துளசியையும் கற்பூரவல்லியையும் வாயில் போடுகிறோம்; செம்பருத்தி இதழைத் தேநீரில் போடுகிறவர்களும், ரோஜா இதழில் குல்கந்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே காய்கறிப் பாத்திக்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ அவ்வளவு கவனம் இங்கும் வேண்டும் என்றே நான் சொல்வேன்.

முதலில் செடியின் பக்கத்தைப் பார்ப்போம். பச்சைச் சாணத்தை வேரருகே போட்டால் அது மக்கும்போது சூடேறும். மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் இருந்தே எடுத்துக்கொள்வதால், வைக்கோல் அதிகம் கலந்த சாணமாக இருந்தால் செடி சில வாரங்கள் வெளிறிப்போகும். மக்காத சாணம் கரையானையும் வண்டுகளையும் ஈக்களையும் அழைத்துவரும். களை விதை இன்னொரு தொல்லை. மாடும் ஆடும் சீமைக்கருவேல நெற்றைத் தின்றால் விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி, முன்பைவிட எளிதாக முளைக்கும். அதனால்தான் பச்சை எரு இட்ட தோட்டங்களில் மழைக்குப் பிறகு எதிர்பாராத முட்கன்றுகள் எட்டிப் பார்க்கின்றன.

கோழி எருவின் குணம் வேறு. கோழி சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்ந்தே வெளியேற்றுகிறது. ஈரம் பட்டதும் அது வேகமாகச் சிதைந்து அம்மோனியாவாக மாறுகிறது. உங்கள் கண்ணைக் கரிக்கச் செய்வது அந்த வாயுதான். வேரையும் இளந்தண்டையும் கருகச் செய்வதும் அதுவே. நெடி இருக்கும் வரை கோழி எருவை எந்தச் செடியின் அருகிலும் கொண்டுபோகக் கூடாது.

சத்தின் அளவிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. சராசரியாகத் தொழு உரத்தில், அதாவது மக்கிய மாட்டுச் சாண எருவில், தழைச்சத்து 0.5 விழுக்காடு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.2 விழுக்காடு, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 0.5 விழுக்காடு என்று நம் ஊர்க் கையேடுகள் சொல்லும். கோழி எருவில் தழைச்சத்து 3 விழுக்காட்டை ஒட்டியும் மணிச்சத்து இரண்டரை விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும். 10 கிலோ தொழு உரத்தில் உள்ள தழைச்சத்து 2 கிலோவுக்கும் குறைவான கோழி எருவிலேயே கிடைத்துவிடும். அதுவும் விரைவாகக் கரைந்து கிடைக்கும். சாணத்தை அள்ளிப் போடும் அதே கூடையால் கோழி எருவையும் அள்ளிப் போடுவதால்தான் பல வீட்டுத் தோட்டங்களில் ரோஜா கருகுகிறது. கருகாமல் தப்பினாலும், தழைச்சத்து மிகுந்த செடி இலையாகவே வளர்ந்து மொட்டைக் குறைத்துவிடும். இளசான அந்தத் தழையில் அசுவினியும் இலைப்பேனும் சேரும்.

இனி மக்கச் செய்யும் முறை. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் குறைந்தது ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறியதாக இருந்தால் சூடு தங்காது. ஈரச் சாணத்தோடு காய்ந்த இலை, நறுக்கிய வைக்கோல் அல்லது தேங்காய் நார்க்கழிவைக் கலந்து அடுக்குங்கள். கோழி எருவானால் ஒரு பங்குக்குக் கொள்ளளவில் இரண்டு பங்கு காய்ந்த பொருள் வேண்டும். அப்போதுதான் கரிமமும் (கார்பனும்) தழைச்சத்தும் இருபத்தைந்து அல்லது முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தை நெருங்கி, அம்மோனியாவாகக் காற்றில் போகும் சத்து குவியலிலேயே தங்கும். ஈரம், கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் அளவில் இருக்கட்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

சரியாக அடுக்கிய குவியல் சில நாட்களிலேயே உள்ளே சூடாகும். நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் அழிப்பது இந்தச் சூடுதான். அமெரிக்காவின் இயற்கை வேளாண்மைத் தரத்தில், திறந்த வெளிக் குவியல் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாட்கள் இருக்க வேண்டும் என்றும், அந்தக் காலத்துக்குள் குறைந்தது ஐந்து முறை புரட்டிவிட வேண்டும் என்றும் வரையறுத்திருக்கிறார்கள். புரட்டுவதில்தான் நம்மவர்கள் சோம்பிவிடுகிறார்கள். குவியலின் ஓரமும் மேற்பரப்பும் ஒருபோதும் சூடாவதில்லை. ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வந்தால்தான் அதில் உள்ள கிருமி சாகும். வெப்பமானி இல்லையென்றால் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவிப் பாருங்கள். தொட்டுப் பிடித்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் குவியல் வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

சூடு தணிந்த பிறகும் எரு முதிர்வதற்கு இரண்டு மூன்று மாதங்கள் கொடுக்க வேண்டும். முதிர்ந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஈரமான எருவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பிரிக்கும்போது மழை பெய்த மண்ணின் மணம் வந்தால் முதிர்ந்துவிட்டது. புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அதே எருவில் கொஞ்சம் எடுத்து மண்ணோடு கலந்து கீரை விதையைத் தூவிப் பார்ப்பதும் நல்லது. விதை சீராக முளைத்து, முளை கருகாமல் நின்றால் ரோஜா வேருக்கும் அதனால் தீங்கு வராது.

இடும் அளவு குறித்து: ரோஜாவுக்குக் கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) பின் செடி ஒன்றுக்கு 10 கிலோ தொழு உரம் என்பது வயலில் இடைவெளி விட்டு நட்ட, நன்கு வளர்ந்த செடிகளுக்கான பரிந்துரை. வீட்டுப் பாத்தியில் நெருக்கமாக நட்ட செடிக்கு மூன்று, நான்கு கிலோ போதும். நன்கு மக்கிய கோழி எருவானால் இருநூறு, முந்நூறு கிராமுக்கு மேல் வேண்டாம். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளி வட்டமாக இட்டு, மேல் மண்ணோடு லேசாகக் கொத்திவிட்டு, காய்ந்த இலையால் மூடாக்கு போட்டு, தண்ணீர் விடுங்கள். மூடாக்கு ஈரத்தைக் காப்பதோடு, மழைத்துளி எருவைச் சிதறடித்து இலையிலும் பூவிலும் தெளிக்காமலும் தடுக்கும். செவ்வந்திக்கு நடவுக்கு முன் மண்ணில் கலந்த எருவே போதும். பூக்கும் பருவத்தில் மேலும் மேலும் எரு இட்டால் செடிதான் பெருக்கும்.

மல்லிகைக்கு மட்டும் கோழி எரு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். முட்டைக் கோழிகளின் தீவனத்தில் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் சேர்ப்பார்கள்; அதனால் அவற்றின் எச்சத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக இருக்கும். அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாமல் செய்யும். இலை நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளாக இருந்தால், உங்கள் மல்லிகையில் இப்போது தெரிவது இரும்புச் சத்துக் குறைபாடாகவே இருக்கும். லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து இலையில் தெளியுங்கள். எரு வகையில் மக்கிய சாணமே மல்லிகைக்கு ஏற்றது.

பதில் 2 – வெள்ளைச்சீருடை (செவிலியர், மதுரை)

ஐயா செடியைப் பற்றி எழுதிவிட்டார். நான் குழந்தையையும் கிணற்றையும் பற்றி எழுதுகிறேன்.

மாட்டின் குடலில் ஈ.கோலை வகைக் கிருமிகளும், கோழியின் குடலில் சால்மோனெல்லாவும் காம்பைலோபேக்டரும் இருக்கக்கூடும். அந்த விலங்குக்கு எந்த நோய் அறிகுறியும் தெரியாது என்பதால், "எங்கள் மாடு நன்றாகத்தானே இருக்கிறது" என்ற உறுதி இங்கே பயன்படாது. மண்ணில் விழுந்த இந்தக் கிருமிகள் வாரக்கணக்கில், ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நீண்டநாள் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் இவற்றால் ஆபத்து அதிகம். ஈ.கோலையில் ஒரு வகை குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. ஆகவே குவியலைச் சுற்றி ஒரு தடுப்பு கட்டுங்கள். எரு இட்ட பாத்தியிலும் குழந்தையைச் சில வாரங்களுக்கு விளையாட விடாதீர்கள். அவளுக்கென்று எரு இடாத மணலில் தனியாக ஓர் இடம் ஒதுக்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

துளசி, கற்பூரவல்லி விஷயத்தில் உலகளவில் பலரும் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு. மக்காத எருவை இட்டால், மண்ணைத் தொடும் உணவுப் பயிரை அறுவடை செய்வதற்கு 120 நாட்கள் முன்னதாகவும், மண்ணைத் தொடாத பயிருக்கு 90 நாட்கள் முன்னதாகவும் அதை மண்ணில் கலந்து முடித்திருக்க வேண்டும். கற்பூரவல்லி தரையோடு படர்வது. தினமும் ஓர் இலை பறிக்கும் செடிக்கு இந்தக் காத்திருப்பு நடைமுறைக்கு ஒத்துவராது என்பதால், அந்த இரண்டையும் தொட்டிக்கு மாற்றி, முழுவதும் மக்கிய எருவை மட்டும் கொடுங்கள். ஜீவாமிர்தம் போன்ற கரைசல்களும் பச்சைச் சாணத்தில் செய்பவைதான். அவற்றை மண்ணில் ஊற்றுங்கள், உண்ணும் இலை மீதும் பறிக்கப் போகும் பூவின் மீதும் தெளிக்க வேண்டாம்.

இரணஜன்னியை (டெட்டனஸ்) பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றின் சாணத்திலும் மண்ணிலும் சாதாரணமாக இருப்பவை. எருக் குவியலின் சூட்டிலும் அவை அழிவதில்லை. ரோஜா முள் குத்திய காயம் சிறிதாகவும் ஆழமாகவும் இருப்பதால், காற்றில்லாத இடத்தில் வளரும் அந்தக் கிருமிக்கு அது வசதியான வாசல். தோட்ட வேலை செய்யும் பெரியவர்கள் பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஊக்கத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். எருவைக் கையாளும்போது ஆழமாகக் குத்திக்கொண்டால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் பட்சத்தில் உடனே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சளோ சாணமோ வைத்துக் கட்டாமல், ஓடும் நீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுவதுதான் முதல் உதவி. நம் கிராமங்களில் பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணம் வைத்ததால் எத்தனை உயிர்கள் போயின என்பதை என் மூத்த செவிலியர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காய்ந்த கோழி எருவைப் பிரிக்கும்போது எழும் தூசியை உள்ளிழுக்கக் கூடாது. முகக்கவசம் அணிந்து, முதலில் லேசாக நீர் தெளித்து அடக்கிவிட்டு, காற்று போகும் திசையில் நிற்காமல் அள்ளுங்கள். ரப்பர் கையுறையும், தோட்டத்துக்கென்று தனியாக ஒரு செருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செருப்பு வீட்டுக்குள் வரக் கூடாது.

நாய், பூனை ஆகியவற்றின் கழிவு எந்தக் காரணத்துக்காகவும் பூப்பாத்திக்குப் போகும் குவியலில் சேரக் கூடாது. நாய்க் கழிவில் உள்ள உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து குழந்தைகளின் வயிற்றுக்குள் போகக்கூடியவை. பூனைக் கழிவில் உள்ள டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி கர்ப்பிணியின் கருவைப் பாதிக்கக்கூடியது. பூனை மிருதுவான மண்ணைத் தேடி வந்து தோண்டிக் கழிக்கும் என்பதால், புதிதாகக் கொத்திய பாத்தியின் மேல் முள் கழிகளைப் பரப்பி வைப்பது நல்லது.

கிணற்றுக்கு வருகிறேன். குவியலில் இருந்து வழியும் கருநிற நீரில் கிருமியும் நைட்ரேட்டும் இருக்கும். உங்கள் மண் சரளை என்கிறீர்கள். அப்படியானால் அந்த நீர் வடிகட்டப்படாமலே கீழே இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். பால்மாவு குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இரத்தம் உயிர்வளியை (ஆக்சிஜனை) சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயும் நிலை இதனால் ஏற்படும். குவியலைக் கிணற்றில் இருந்து உங்கள் மனையில் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் வையுங்கள். அடியில் தடித்த தார்ப்பாயை விரித்து, மழைக்கு மேலேயும் மூடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 3 – பூமாலைக்காரர் (நிலக்கோட்டை)

நாங்கள் மல்லிகை விவசாயம் செய்கிறவர்கள். நான் புழுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எருவோடு தோட்டத்துக்குள் நுழையும் தொல்லைகளில் பூச்செடியை நேரடியாகக் கொல்வது அதுதான்.

சாணக் குழியைக் கிளறினால் ஆங்கில C எழுத்துபோல் வளைந்த வெள்ளைப் புழுக்கள் கிடைக்கும். மூன்று வகைப் புழுக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கட்டைவிரல் பருமனுக்கு வளர்வது காண்டாமிருக வண்டின் புழு. அது உங்கள் பூச்செடிக்குத் தீங்கு செய்யாது, ஆனால் வண்டானதும் பக்கத்தில் இருக்கும் தென்னையின் குருத்தைத் துளைக்கும். இரண்டாவது வேர்ப்புழு, கோடை மழைக்குப் பின் மண்ணில் இருந்து வெளிவரும் வண்டுகள் இடும் முட்டையில் இருந்து வருவது, மல்லிகை வேரையும் ரோஜா வேரையும் கடித்துச் செடியையே பட்டுப்போகச் செய்வது. மூன்றாவது வகையைத் தரையில் விட்டால் கால் இருந்தும் மல்லாந்து, முதுகாலேயே ஊர்ந்து போகும். அது மக்கிய பொருளை மட்டும் தின்று எருவைப் பொடியாக்கித் தரும் புழு. அதைக் கொல்ல வேண்டியதில்லை. எந்தப் புழுவைக் கண்டாலும் மருந்தைக் கொட்டுகிற வழக்கம் மாற வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

பாத்திக்குக் கொண்டுபோகும் முன் எருவைச் சல்லடையில் சலியுங்கள். பொறுக்கிய புழுவைக் கோழிக்குப் போட்டால் மிச்சம் வைக்காது. மெட்டாரைசியம் என்னும் பூஞ்சையைச் சாணக் குழியில் கலந்தால் காண்டாமிருக வண்டின் புழுக்கள் நோயுற்றுச் சாகும். வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டால் எங்கு கிடைக்கும் என்று சொல்வார்கள். குவியல் நன்கு சூடாகித் தணிந்த பிறகு டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து நிழலில் ஈரமாக வைத்தால், வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சை எருவிலேயே பெருகிவிடும். சூடான குவியலில் கலந்தால் அதுவும் செத்துப்போகும், வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

ஆட்டு எரு கிடைத்தால் வாங்கி வையுங்கள் அக்கா. புழுக்கை கெட்டியாக இருப்பதால் மெதுவாகக் கரையும், சத்தும் சாணத்தைவிட அதிகம். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள்) அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள், அதாவது இரவில் ஆடுகளை அங்கேயே அடைத்து வைப்பார்கள். அந்த நிலம் உழவும் மழையும் கண்ட பிறகே விதைப்புக்கு வரும், அதனால் பயிருக்குச் சூடு தெரிவதில்லை. பூப்பாத்தியில் செடி நின்றுகொண்டிருக்கும்போது புழுக்கையை அப்படியே கொட்டினால் அந்த இடைவெளி கிடைக்காது. இடித்து, சாணத்தோடு சேர்த்து மக்கவைத்தே போட வேண்டும். உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆட்டு எருவிலும் கோழி எருவிலும் உள்ள உப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். ரோஜா உப்பைத் தாங்காது, இலையின் ஓரம் கருகத் தொடங்கும்.

பதில் 4 – தேம்ஸ்கரைத்தமிழன் (இங்கிலாந்து)

இங்கே குதிரை லாயங்களில் எருவை இலவசமாகவே தருவார்கள் என்பதால், ரோஜா வளர்க்கும் நம் ஊர்க்காரர்கள் பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். வெளிநாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஓர் எச்சரிக்கை. மேய்ச்சல் நிலத்துக் களைகளுக்குத் தெளிக்கும் அமினோபைராலிட் என்னும் மருந்து புல்லில் தங்கி, குதிரையின் குடலைச் சிதையாமல் கடந்து, எருவிலும் தங்கிவிடுகிறது. எருவை மக்கவைத்தாலும் அது விரைவில் போய்விடாது. 2008-இல் பிரிட்டன் முழுவதும் வீட்டுத் தோட்டங்களில் செடிகள் சுருண்டு கோணலாக வளர்ந்ததைத் தொடர்ந்து அந்த மருந்தின் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் கட்டுப்பாடுகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவரை, தக்காளி, ரோஜா, சூரியகாந்தி ஆகியவை இந்த மருந்துக்கு எளிதில் பாதிக்கப்படுபவை.

எருவை மண்ணோடு கலந்து சில தொட்டிகளில் அவரை விதையை நட்டு, எரு கலக்காத மண்ணிலும் சில விதைகளை நட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இங்கு எல்லோரும் செய்யும் சோதனை. மூன்று, நான்கு வாரங்களில் வரும் இலைகள் கிண்ணம்போல் குவிந்து, நரம்பு நெருங்கிச் சுருண்டால் அந்த எருவைத் தோட்டத்தில் சேர்க்கக் கூடாது.

கேள்வி கேட்டவர் – செவ்வந்தித்தோட்டம்

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. வீட்டில் அனைவரும் உட்கார்ந்து படித்தோம். குவியலைக் கிணற்றுக்கு எதிர்மூலையில், தாழ்வான பக்கத்தில் வைக்க முடிவு செய்துவிட்டோம். துளசியும் கற்பூரவல்லியும் தொட்டிக்கு மாறுகின்றன. இன்னும் இரண்டு ஐயங்கள். ஆடி பிறக்கப் போகிறது. இப்போது குவியல் போட்டால் மழைக்கு முன் பயன்படுத்திவிட முடியுமா? கோழி எருவைத் தனியாக மக்கவைப்பதா, சாணத்தோடு சேர்த்தே போடுவதா?

பதில் – கவாத்துக்கத்தி

இரண்டையும் சேர்த்தே அடுக்குங்கள் அம்மா. நான்கு மூட்டையைத் தனியாகக் குவித்தால் சூடு தங்கும் அளவுக்குப் பருமன் வராது. காய்ந்த இலை ஒரு அடுக்கு, சாணம் ஒரு அடுக்கு, அதன் மேல் மெல்லிசாகக் கோழி எரு, மீண்டும் காய்ந்த இலை என்று அமைத்தால் கோழி எருவின் தழைச்சத்து காய்ந்த இலையை மக்கச் செய்யும், நெடியும் அடங்கும். மல்லிகைக்குச் சுண்ணாம்புச் சத்து சேரக் கூடாது என்பதால், கோழி எரு கலக்காத சாணக் குவியல் ஒன்றைத் தனியாக வையுங்கள்; ஒரு டிராக்டர் சாணம் இரண்டுக்கும் தாராளமாகப் போதும்.

காலக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. இப்போது அடுக்கினால் ஐப்பசியில் ரோஜாவைக் கவாத்து செய்யும்போது எரு முதிர்ந்திருக்கும். நவம்பர் இறுதியில் மல்லிகையைக் கவாத்து செய்யும்போது இரண்டாவது குவியலும் தயாராகிவிடும். ஆடிக் காற்று குவியலின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், தென்னை ஓலையால் மூடி, வாரம் ஒரு முறை கையால் பிழிந்து பார்த்துத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த குவியல் மக்காது. அடுக்கியபடியே கிடக்கும், கரையானும் ஏறிவிடும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் எருவை இட அவசரப்பட வேண்டாம். சரளை மண்ணில் அந்த நேரத்தில் இட்டால் தழைச்சத்து முழுவதும் கரைந்து கிணற்றை நோக்கித்தான் போகும். கவாத்தை முடித்துக்கொண்டு, மழை ஓய்ந்து மண் கையில் ஒட்டாமல் உதிரும் நாளாகப் பார்த்து, ஒரே தடவையில் கொட்டாமல் பாதியை அப்போதும் மீதியைத் தை பிறந்த பிறகும் இடுங்கள். அதுவரை எருவைக் கோணிப்பையில் கட்டி, மழை படாத நிழலில் தரையில் இருந்து உயர்த்தி வைத்தால் சத்துக் குறையாது.